ஏழு நிமிடம் முந்திய வரவுத்தாள்

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி எங்கள் தமிழ்ப் பள்ளியின் மலர்க்குழுச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். பெயர் ரமணன். லண்டனில், இல்ஃபோர்ட்டில் கணக்காளராக இருக்கிறார். என் மகனின் வயது.

"அங்கிள், யூனிவர்சிட்டியில எத்தினை வருசம் இருந்தனீங்கள்?"

"இருபத்திரண்டு."

"பி.எச்.டி செய்யிற ஆக்களோடதானே?"

"ஓம். அவையளோடதான்."

"அப்ப ஸ்டூடன்ட்ஸுக்குப் பிரயோசனமா ஏதும் எழுதுங்கோ. நீங்கள் என்ன படிப்பிச்சனீங்கள்?"

"கதிரை அடுக்கினனான்."

அவர் சிரித்தார். பகிடி என்று நினைத்துவிட்டார். தேத்தண்ணி குடித்து முடிந்தபோதுதான், உண்மையிலேயே நாற்காலி அடுக்கிய ஆள் என்று அவருக்கு விளங்கியது. "பரவாயில்லை அங்கிள், அதையும் எழுதலாம்" என்றார். தாராள மனம்.

எழுதுகிறேன். நான் படித்தது எட்டாம் வகுப்பு வரை. அழகாக எழுத வராது. நடந்ததை எழுத வரும்.

லண்டனுக்கு அகதியாக வந்தேன். பெட்ரோல் ஸ்டேஷன், பிறகு கிளீனிங், பிறகு பல்கலைக்கழகத்தில் போர்ட்டர். இது மூன்று வரியில் சொல்லுகிற கதை இல்லை. ஆனால் இதை வாசிக்கிற எல்லாருடைய வீட்டிலும் இதே கதை இருக்கிறது. அதனால் மூன்று வரி போதும்.

பெட்ரோல் ஸ்டேஷனில் இருந்து ஒன்றை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தேன். அங்கே பிந்தி வந்தால் அன்றைய ஷிப்ட் இன்னொருவனுக்குப் போய்விடும். ஒரு தரம் போனது. அன்றைக்கே கைமணிக்கூட்டை ஏழு நிமிடம் முன்னுக்கு வைத்தேன். ஏன் ஏழு என்று கேட்பார்கள். ஐந்து போதாது. பத்து பொய். அதற்குப் பிறகு அதை மாற்றவில்லை. தேத்தண்ணி, ரயில், வேலை, சாப்பாடு எல்லாம் அந்த நேரத்தில்தான். என் மனைவி வசந்தி சொல்வாள்: "நேரத்தைக் கூட்டி வைச்சால் ஆயுள் கூடுமே?" 

பல்கலைக்கழகத்தில் எனக்கு இரண்டு நாள் பயிற்சி தந்தார்கள். முதல் நாள், முதுகை வளைக்காமல் பெட்டி தூக்குவது. அதுவரை அகதி முகாமில் இருந்து லண்டன் வரை எல்லாவற்றையும் பிழையாகத் தூக்கியிருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது. இரண்டாம் நாள், தீ வந்தால் என்ன செய்வது. அதோடு நான் தேர்ச்சி பெற்றவன். மூன்றாம் மாடிக்கு அனுப்பினார்கள்.

மூன்றாம் மாடியில்தான் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறவர்களின் திறன் விருத்திப் பிரிவு இருந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கலாநிதிப் பட்டம், அதுதான் பி.எச்.டி, எடுக்க ஆய்வு செய்தால் மட்டும் போதாது. இரண்டாம் வருட முடிவில் ஒரு மதிப்பீடு இருக்கும். அதற்கு முன் முப்பது புள்ளி சேர்க்க வேண்டும். அரை நாள் பயிற்சிக்கு வந்தால் இரண்டு புள்ளி. என்ன பயிற்சி? எழுதுவது எப்படி. வாசிப்பது எப்படி. கேள்வி கேட்பது எப்படி. அதுவரை எழுதாமலும் வாசிக்காமலும் அவர்கள் எப்படி அந்த இடம் வரை வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. என் வேலை கதிரை.

ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒவ்வொரு விதமாகக் கதிரை போட வேண்டும். பேச்சுப் பயிற்சிக்கு வரிசை. குழுப் பயிற்சிக்கு ஆறு ஆறாக. மனம் விட்டுப் பேசும் பயிற்சிக்கு வட்டம். வட்டம் போட்டால் ஒருவரும் பேச மாட்டார்கள். வரிசையில் போட்டால் நிறுத்த மாட்டார்கள்.

ஒரு பயிற்சியில் உலர்ந்த நூடுல்ஸை ஒட்டிக் கோபுரம் கட்டுவார்கள். கூட்டாக வேலை செய்யப் பழகுவதற்காம். கோபுரம் விழும். அவர்கள் கைதட்டிவிட்டுப் போவார்கள். கூட்டுவது நான் தனியாக. இன்னொன்றில், தெரியாத மனிதரோடு கையில் கிளாஸ் வைத்துக்கொண்டு பேசப் பழக்குவார்கள். மூன்று மணித்தியாலம். முடிந்ததும் ஆளுக்கொரு சாண்ட்விச் எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு மூலையில் நின்று போனைப் பார்ப்பார்கள். "வழிகாட்டும் பேராசிரியரோடு பேசுவது எப்படி" என்று ஒன்று. கூட்டம் நிரம்பி வழியும். பேராசிரியர்களுக்கும் ஒன்று வைத்தார்கள், "மாணவரோடு பேசுவது எப்படி" என்று. இருபது கதிரை போட்டேன். ஒருவரும் வரவில்லை. ஒரு கையெழுத்தும் இல்லாத வரவுத்தாளையும் ஹெலன் பத்திரமாகக் கோப்பில் வைத்தார்.

ஹெலன்தான் எனக்கு மேலதிகாரி. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான வெள்ளைக்காரப் பெண். சத்தம் போட்டதை நான் கேட்டதில்லை. "இல்லை" என்று சொன்னதையும் கேட்டதில்லை. யாராவது ஒன்று கேட்டால், "கேட்டதற்கு நன்றி" என்பார். அதுதான் இல்லை. "அது சுவாரசியமானது" என்றால் ஒரு நாளும் நடக்காது என்று அர்த்தம். "நன்றி, சிவா" என்றால் நான் வெளியே போக வேண்டும். என் முழுப் பெயர் சிவபாதம். பாதியை அவர் முதல் நாளே கோப்பில் வைத்துவிட்டார்.

அவருக்குக் கடவுள் வரவுத்தாள். அதன் முறை இதுதான். காலை ஒன்பதரைக்குப் பயிற்சி. ஒன்பதேகாலுக்கு நான் கதவைத் திறந்து, வாசல் மேசையில் தாளையும் பேனாவையும் வைக்க வேண்டும். பேனா நூலில் கட்டியிருக்கும். கலாநிதியாகப் போகிறவர்கள் பேனா எடுப்பார்கள். ஒன்பதே முக்காலுக்குத் தாளை எடுத்து, கடைசிப் பெயருக்குக் கீழே கோடு இழுத்து, ஹெலனின் கையில் கொடுக்க வேண்டும். அவர் பச்சை மையில் ஒப்பம் வைத்துப் பச்சைக் கோப்பில் போடுவார். கோட்டுக்குப் பிறகு வருகிறவர் உள்ளே இருக்கலாம். படிக்கலாம். கோபுரமும் கட்டலாம். புள்ளி இல்லை.

"எந்த மணிக்கூட்டைப் பார்ப்பது?" என்று முதல் கிழமையே கேட்டேன். அறைகளில் மணிக்கூடு இல்லை. கழற்றிவிட்டார்கள். டைம் மேனேஜ்மென்ட் என்கிற நேர முகாமைத்துவம் படிப்பிக்கிறவர்தான், மணிக்கூடு இருந்தால் மாணவர் கவனம் சிதறுகிறது என்று கழற்றச் சொன்னாராம்.

ஹெலன் என் கையைப் பார்த்தார். "உன்னுடையதுதான், சிவா" என்றார்.

அப்படி என் கை பல்கலைக்கழகத்தின் நேரமானது. ஏழு நிமிடம் முந்தித் தாளை வைத்தேன். ஏழு நிமிடம் முந்தி எடுத்தேன். தாள் மேசையில் கிடந்த நேரம் அதே அரை மணித்தியாலம். ஒருவருக்கும் குறை வைக்கவில்லை என்றுதான் நினைத்தேன். மாணவர் கையில் போன் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. ஆனால் இந்த நாட்டுப் பிள்ளைகள் தாள் எடுக்கிற ஆளோடு வாதாட மாட்டார்கள். "சொறி" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே போய் இருந்துகொள்வார்கள். பிழை என்னுடையதென்றாலும் சொறி அவர்களுடையது.

தாளைத் தவிர என்னிடம் ஒரு கொப்பியும் இருந்தது. பத்தேகாலுக்கு ஒவ்வொரு அறையாகப் போய்த் தலை எண்ண வேண்டும். அது தீப்பாதுகாப்புச் சட்டம். தீ வந்தால் வாசலில் நின்று தாளைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார்கள். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கோட்டுக்குப் பிறகு வந்த ஆளின் பெயர் தாளில் இல்லை. அந்த ஆளை யார் கூப்பிடுவது? ஹெலனிடம் கேட்டேன். "அது சுவாரசியமானது" என்றார்.

அதனால் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி வாங்கினேன். பிந்தி வருகிறவர்களை அதில் எழுதினேன். பெயர் கேட்டால் தண்டனை என்று பயப்படுவார்கள். அதனால் போட்டிருக்கிற கோட்டின் நிறம், வந்த நேரம். தமிழில்தான் எழுதினேன். எனக்கு வேகமாக வருவது அதுதான். வேறு யாரும் அதைப் பார்க்கப்போகிறார்களா என்ன.

இனி கௌரி.

முதல் நாள் அந்தப் பிள்ளை தாளில் கையெழுத்து வைத்துவிட்டு என் பெயர் அட்டையைப் பார்த்தாள்.

"அண்ணை தமிழே?"

"ஓம்."

"எந்த இடம்?"

"குட்மேய்ஸ்."

"ஐயோ, ஊரில அண்ணை."

"ஊரை விட்டு முப்பது வருசமாகுது. இப்ப குட்மேய்ஸ்தான் ஊர். நீர் என்ன படிக்கிறீர்?"

"நுளம்பு."

"நுளம்பு?"

"டெங்கு பரப்பிற நுளம்பு. கூட்டில வளர்க்கிறன் அண்ணை. இப்ப ஆறாயிரம் நிக்குது."

"ஊரில நுளம்பு எங்களைத் திண்டது. இஞ்ச வந்து நீர் அதுக்குத் தீத்திறீர்."

"ஓம், புழுப் பருவத்தில மீனுக்குப் போடுற தூள். ஒவ்வொரு நாளும் காலமை ஒன்பது மணிக்கு. நேரம் தவறினால் ஒண்டை ஒண்டு திண்டுபோடும்."

"கெட்டிக்காரச் சாமான். புள்ளி கேக்காது."

சிரித்தாள். அதற்குப் பிறகு கண்ட இடத்தில் கதைப்பாள். ஒரு நாள் நடைபாதையில் நின்று நாங்கள் தமிழில் கதைத்துக்கொண்டிருந்தபோது ஹெலன் எங்களைக் கடந்து போனார். ஒன்றும் சொல்லவில்லை. புன்னகைத்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. தன் ஆட்களுக்குச் சலுகை காட்டுகிறான் என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாது. எங்களில் பல பேருக்கு இந்தப் பயம் இருக்கிறது. கவுண்டரில் இருக்கிற தமிழரிடம் போய்ப் பாருங்கள். மற்றவனுக்குச் சிரிப்பார். உங்களிடம் இன்னொரு படிவம் கேட்பார்.

நுளம்பு வளர்க்கிற கட்டடம் எங்களுடையதில் இருந்து கெட்டியாக அரை மணித்தியால நடை. பின்னேரப் பயிற்சிகளுக்கு அவள் வந்துவிடுவாள். காலைப் பயிற்சி ஒன்றுதான் அவளுக்கு மிச்சம் இருந்தது. கட்டாயம் எடுக்க வேண்டியது. நேர முகாமைத்துவம்.

அன்று பேனாவின் நூல் சிக்கெடுக்க இரண்டு நிமிடம் போனது. தாளை எடுத்துக் கோடு இழுக்கப் போகிறேன். பக்கத்தில் ஹெலன் பச்சைக் கோப்போடு நிற்கிறார். படியில் ஓடி வரும் சத்தம் கேட்டது. வேறு நாளில் ஓடி வருகிற காலடி கேட்டால் நான் ஒரு நிமிடம் நிற்பேன். உண்மையைச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு நின்றிருக்கிறேன். சீனப் பிள்ளைகளுக்கு நின்றிருக்கிறேன். அன்று தலை நிமிர்ந்து பார்த்தேன். கௌரியின் நீலக் கோட். தாளில் கோடு இழுத்தேன்.

"அண்ணை, ஒரு நிமிசம். கையெழுத்து மட்டும் வைக்கிறன்."

"முடிஞ்சுது பிள்ளை."

"என்ரை போனில ஒன்பது நாப்பதுதானே?"

"இஞ்ச நாப்பத்தேழு."

"போன் பிழைக்குமே அண்ணை? அது தானாச் சரியாக்கிற சாமான்."

"உள்ள போய் இரும். வகுப்புக்கு ஆரும் மறிக்கேல்லை."

ஹெலன் என்ன கதை என்று கேட்கவில்லை. ஒப்பம் வைத்தார். "நன்றி, சிவா."

பத்தேகாலுக்குத் தலை எண்ணப் போனேன். உங்கள் நேரத்தைத் திருடுவது எது என்று எழுதச் சொல்லியிருந்தார்கள். முன் வரிசையில் இருந்து அவள் எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுபடி எழுதினாள்.

மதிப்பீட்டுக்கு ஒரு மாதம் முந்திக் கௌரிக்குக் கடிதம் வந்தது. அவளிடம் இருபத்தெட்டுப் புள்ளி. முப்பது இல்லாததால் மதிப்பீட்டுக்கு விட முடியாது. அதற்கு முன் நேர முகாமைத்துவம் மறுபடி இல்லை. மதிப்பீடு இல்லையென்றால் பதிவு இல்லை. பதிவு இல்லையென்றால் விசா இல்லை. விசா இல்லாத ஆளுடைய நுளம்பை யார் வைத்திருப்பார்கள்? கொதிநீர் ஊற்றிவிடுவார்கள். இதெல்லாம் மரியாதையான ஆங்கிலத்தில் இருந்தது. கடைசி வரியில், மனம் சோர்ந்திருந்தால் "மீண்டெழும் திறன்" பயிற்சிக்கு வரலாம் என்று எழுதியிருந்தார்கள். அதற்கும் இரண்டு புள்ளி. ஆனால் அது மதிப்பீடு முடிந்த பிறகு வரும் மாதத்தில்.

கடிதத்தோடு என் அறைக்கு வந்தாள். அறை என்றால் கதிரைகள் அடுக்கியிருக்கும் இடம். அதில் ஒரு கதிரை எனக்கு.

"அண்ணை, அப்பீல் பண்ணியிருக்கிறன். நான் அண்டைக்கு வந்தனான் எண்டு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அதை அங்க சொல்லுவியளே?"

"தாளில இல்லையே பிள்ளை."

"தாளில இல்லாட்டி நான் வரேல்லையே? மூண்டு மணித்தியாலம் முன் வரிசையில இருந்தனான். நீங்கள் வந்து தலை எண்ணினீங்கள். என்ரை தலையையும் சேர்த்துத்தானே எண்ணினீங்கள்?"

அது சரி. கொப்பியை எடுத்தேன். பக்கத்தைக் கண்டுபிடிக்க முந்தி அவள் தலைகீழாக வாசித்துவிட்டாள். படித்த பிள்ளை.

"அறை மூண்டு. தாள் பன்னிரண்டு. தலை பதின்மூண்டு. நீலக் கோட், நுளம்பு. ஒன்பது நாப்பத்தேழு." முகம் மலர்ந்தது. பிறகு வாடியது. "நாப்பத்தேழு எண்டெல்லே எழுதியிருக்கிறியள்."

"ஓம்."

"அப்ப உங்கடை கொப்பிப்படியும் நான் பிந்தித்தான்."

 அவள் என் கையைப் பார்த்தாள். போனை எடுத்து என் மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் பிடித்தாள். போனில் இரண்டு பத்து. கையில் இரண்டு பதினேழு.

"எவ்வளவு காலமா அண்ணை இப்பிடி?"

"வந்த நாள் தொட்டு."

"தெரிஞ்சே?"

"தெரிஞ்சுதான்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அதில் இருந்தாள்.

"இதை நீங்கள் அங்க சொல்ல வேணும்."

"சொன்னால் இவ்வளவு வருசத் தாளும் பிழை எண்டு வரும். என்ரை வேலை போகும்."

 எழும்பிப் பையை எடுத்தாள்.

"சரி அண்ணை. நான் வற்புறுத்தேல்லை. போயிற்று வாறன். கூடு கழுவோணும்."

வீட்டில் வசந்தி லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். கேட்காமலே சொன்னேன். நான் இப்படிச் சொல்கிறவன் இல்லை என்பதால் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எத்தினை வருசமாச் சொல்லுறன், அந்த மணிக்கூட்டைத் திருத்துங்கோ, திருத்துங்கோ எண்டு. இப்ப ஒரு பிள்ளையின்ரை தலையில கொண்டுபோய் வைச்சிட்டியள்."

"வேலை போகும்."

"போனால் லண்டனில வேற கதிரை இல்லையே? அந்தப் பிள்ளை நுளம்புக்கு எங்க போறது?"

"நுளம்பு எங்கையும் கிடைக்கும்."

"பகிடி விடாதேங்கோ. நீங்கள் அவளுக்கு நிண்டிருப்பியள், வேற ஆள் எண்டால். எனக்குத் தெரியாதே உங்களை?"

லீக்ஸ் வெட்டத் தொடங்கினாள். முடிந்தது பேச்சு.

மேல்முறையீட்டுக் குழுவுக்கு அறை ஒழுங்கு செய்ததும் நான்தான். அதற்கும் முறை இருக்கிறது. ஒரு பக்கம் ஐந்து கதிரை, கைப்பிடி உள்ளது. மறுபக்கம் ஒன்று, கைப்பிடி இல்லாதது. தண்ணீர்க் குவளை ஐந்து பேரின் பக்கம். டிஷ்யூப் பெட்டி ஒருவரின் பக்கம். தீர்ப்பு என்னவென்று மேசை கதிரைக்கு முன்கூட்டியே தெரியும். எல்லாம் வைத்து, எல்லோரும் வந்து இருந்த பிறகும் வெளியே போகாமல் கதவருகே நின்றேன்.

"நன்றி, சிவா" என்றார், குறிப்பெடுக்க ஓரத்தில் இருந்த ஹெலன்.

நான் போகவில்லை. "நான் சாட்சி" என்றேன்.

ஹெலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கௌரி திரும்பிப் பார்த்தாள். தலைமைப் பேராசிரியர் நல்ல மனிதர். சாட்சிக்கு ஒரு கதிரை கொண்டுவரச் சொன்னார். யாரிடம்? என்னிடம்தான். கொண்டுவந்து இருந்தேன்.

கொப்பியைக் கொடுத்தேன். ஐந்து கலாநிதிகளும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவர் தலைகீழாகப் பார்த்தார். தமிழ் என்று சொன்னேன். அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பு வேண்டும் என்று ஒருவர் சொன்னார். பேச ஆள் இல்லாமல் போன மொழிகளுக்கெல்லாம் அந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் இருக்கிறார். லண்டனில் பஸ்ஸில் கேட்கிற மொழிக்கு ஆள் இல்லை. வாசிக்கத் தெரிந்த ஒரே மாணவி குற்றவாளிக் கதிரையில். அவள் வாசித்தால் அது நடுநிலை இல்லையாம். அரை மணித்தியாலம் விவாதித்தார்கள். கடைசியில், எழுதியவரே வாசிக்கலாம் என்று முடிவானது. எட்டாம் வகுப்புக்கு அது பெரிய பதவி உயர்வு.

வாசித்தேன். தாள் பன்னிரண்டு, தலை பதின்மூன்று, நீலக் கோட், நுளம்பு.

"அப்படியானால் வந்திருக்கிறார்" என்றார் தலைவர். "நேரம்?"

"ஒன்பது நாற்பத்தேழு."

"ஓ" என்றார். பேனாவை வைத்தார்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். வந்தாள் என்று சாட்சி சொல்லியாகிவிட்டது. யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. கௌரி டிஷ்யூப் பெட்டியைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் மணிக்கூடு ஏழு நிமிடம் முந்தியது" என்றேன். "எப்போதும்."

ஐந்து பேரும் தங்கள் தங்கள் கைகளைப் பார்த்தார்கள்.

"எப்போதிலிருந்து?"

"பெட்ரோல் ஸ்டேஷனில் இருந்து, சேர்."

அதை எழுதிக்கொண்டார்கள்.

"இந்தப் பயிற்சிக்கு மட்டுமா?"

"எல்லாவற்றுக்கும்."

ஹெலனின் பச்சைப் பேனா நின்றது. அந்தக் கோப்புகள் ஒரு அலுமாரி நிறைய இருந்தன. அறையில் அவ்வளவு அமைதியை நான் வட்டம் போட்ட நாள்களில்கூடக் கண்டதில்லை.

"அந்தப் பிள்ளை படியில் வரும்போது சத்தம் கேட்டது" என்றேன். "மற்றவர்களுக்கு நிற்பேன். அவருக்கு நிற்கவில்லை. அவர் தமிழ் என்பதால்."

இது அவர்களுக்கு விளங்கவில்லை. தமிழ் என்பதால் சலுகை காட்டினாயா என்று ஒருவர் கேட்டார். இல்லை, காட்டவில்லை என்றேன். அப்படியென்றால் என்ன பிரச்சினை என்றார். கௌரிக்கு மட்டும் விளங்கியது. அப்போதுதான் டிஷ்யூ எடுத்தாள்.

ஒரு கிழமையில் முடிவு வந்தது. கௌரிக்கு இரண்டு புள்ளி. விசேட காரணத்துக்காக, இதை முன்மாதிரியாகக் கொள்ளக் கூடாது என்ற குறிப்போடு. மதிப்பீட்டில் தேறினாள்.

எனக்கு வேலை போகவில்லை. போர்ட்டரை நிறுத்துவதென்றால் பிழை நடந்தது என்று எழுத வேண்டும். எழுதினால் பழைய தாள் எல்லாவற்றையும் திறக்க வேண்டும். அதனால் எதிர்காலத்தை நோக்குவோம் என்றார்கள். பழைய தாள்கள் பச்சைக் கோப்பிலேயே சரியாக இருந்துகொண்டன. ஒவ்வொரு அறையிலும் மணிக்கூடு மாட்டினார்கள். என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

எதற்கு என்று சொல்லத் தேவையில்லை. அறை மூன்று. காலை ஒன்பதரை. தாளில் முதலாவது கையெழுத்து என்னுடையது. படிப்பிக்க வந்தவர் ஒவ்வொருவரிடமும் உங்கள் ஆய்வு என்ன என்று கேட்டார்.

"கதிரை" என்றேன்.

"சுவாரசியமானது" என்றார்.

சான்றிதழ் தந்தார்கள். என்னிடம் இரண்டு புள்ளி இருக்கிறது. கலாநிதி மதிப்பீட்டுக்கு இன்னும் இருபத்தெட்டுத்தான் வேண்டும்.

கொப்பிகள் பற்றியும் ஒரு உத்தரவு வந்தது. மாணவர்களின் சம்மதம் இல்லாமல் அவர்களுடைய கோட்டின் நிறத்தைப் பதிந்து வைத்தது தனிநபர் தரவு மீறலாம். ஒன்பது கொப்பி. இரகசியக் காகிதங்களை அரைத்து அழிக்க அனுப்புகிற பெட்டியில் போட வேண்டும். அதைச் சொல்ல ஹெலனே கதிரை அறைக்கு வந்தார். முதல் தரம். நின்றபடி உத்தரவை வாசித்தார்.

"பெட்டி பூட்டியிருக்கும்" என்றார். "சாவி யாரிடம்?"

"என்னிடம்."

"வெள்ளிக்கிழமை அதைத் திறந்து கொண்டுபோவது யார்?"

"நான்."

ஹெலன் உத்தரவை மடித்தார். "நன்றி, சிவா" என்றார். அந்த ஒரு நன்றிக்கு மட்டும் வேறு அர்த்தம் இருந்தது என்று நினைக்கிறேன். உத்தரவுப்படி கொப்பிகளைப் பெட்டியில் போட்டேன். வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்தேன்.

இரண்டு வருடம் கழித்துக் கௌரி கலாநிதியானாள். கதிரை அறைக்கு வந்து சொன்னாள்.

"அண்ணை, முடிஞ்சுது."

"நுளம்பு?"

"அதுகளும் முடிஞ்சுது. நானே செய்தனான்." என் கையை எட்டிப் பார்த்தாள். "மணிக்கூடு இப்ப சரியே?"

கையைக் காட்டினேன். போனோடு வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. "பழகிட்டுதே அண்ணை?" என்றாள். பழகவில்லை. இன்றைக்கும் ரயிலுக்கு ஓடுகிறேன். அவள் இப்போது தெற்கு லண்டனில், சட்டனில் இருக்கிறாள். தைப்பொங்கலுக்குப் போன் எடுப்பாள்.

நான் ஓய்வு பெற்ற வருடமே மூன்றாம் மாடியை மூடிவிட்டார்கள். பயிற்சி எல்லாம் இப்போது கணினியில். வீடியோ ஓடி முடிந்தால் புள்ளி. ஓடவிட்டு, ஆள் குளிக்கப் போகலாம். எல்லோரும் எல்லாப் பயிற்சிக்கும் வருகிறார்கள். பிந்தி வருகிற ஆள் ஒருவரும் இல்லை. முன்னேற்றம்.

ஓய்வுக்குப் பிறகு ஒரு நாள் அந்த ஒன்பது கொப்பியையும் எடுத்தேன். வேறு வேலை இல்லை. சிவப்புத் தாடி, 9.49. நனைந்த குடை, 9.46. மஞ்சள் மழைக்கோட், மூச்சு வாங்குகிறது, 9.50. கைக்குழந்தையோடு ஒரு பிள்ளை, 9.51. ஒவ்வொன்றிலும் ஏழைக் கழித்துப் பார்த்தேன். பென்சிலால் பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். இரண்டாவது கொப்பியில் பென்சிலை வைத்துவிட்டேன். முக்காலுக்குப் பிந்தியவர்கள் சில பேர்தான். மற்றவர்கள் நேரத்துக்கு வந்தவர்கள். அவர்களுக்கும் கடிதம் போயிருக்குமா, யார் ஊருக்குத் திரும்பிப் போனார்கள், எனக்குத் தெரியாது. சொறி சொல்லிவிட்டு உள்ளே போய் இருந்தவர்கள்.

பிரயோசனமாக எழுதச் சொன்னார் ரமணன். என்னிடம் இருப்பது இவ்வளவுதான். இந்த மலரை வாசிக்கிறவர்களில், அல்லது உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் சிநேகிதர்களில், அந்த மூன்றாம் மாடியில் பயிற்சிக்குப் போய், வரவில்லை என்று கடிதம் வாங்கிய யாராவது இருக்கலாம். எந்த நாடு, எந்த மொழி என்றாலும் சரி. ரமணனிடம் கேட்டால் என் வீட்டைக் காட்டுவார். பெயர் சொல்லத் தேவையில்லை. கோட்டின் நிறத்தைச் சொன்னால் போதும். தேடி எடுத்து, இந்த ஆள் வந்தார், நேரத்துக்கு வந்தார் என்று எழுதிக் கையெழுத்து வைத்துத் தருகிறேன்.

எத்தனை மணிக்கு வந்தாலும் பரவாயில்லை.